போகாத தீவுக்கு வழி சொன்னவள்

அந்தமானுக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது வெயிலைப் பற்றி. அங்கே ஓடுவது நம்ம ஊர்க் கடிகாரம்தான், ஆனால் சூரியன் நம்மைவிட முன்னால் எழுந்து முன்னால் படுத்துவிடும். காலை ஐந்து மணிக்கே வெளுத்துவிடும். சாயங்காலம் ஐந்தரை தாண்டினால் கரையில் ஒன்றும் தெரியாது. மெரினாவுக்குப் போகிற மாதிரி ஆறு மணிக்குக் கிளம்பிப் போனால், இருட்டில் மணலை மிதித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அடுத்தது படகு. தீவுக்குத் தீவு படகில்தான் போக வேண்டும். அதில் கீழ்த்தளத்தில், நடுவில் பார்த்து உட்காருங்கள். முன்னால் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்பின பிறகு போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுவிட வேண்டும். கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும், சின்னத் தீவுகளில் ஏ.டி.எம். இருந்தாலும் அதில் பணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. போன் சிக்னலும் அப்படித்தான். கரையில் கிடக்கிற சங்கு, பவளத் துண்டு எதையும் ஆசைப்பட்டுப் பையில் போடாதீர்கள், ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்கள். இந்தி தெரியாதே என்றும் பயப்பட வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், ஆட்டோக்காரரிடம் முதலில் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்கிற நான் அந்தமானைப் பார்த்ததில்லை. அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை.

ஆரம்பித்து வைத்தது எங்கள் கல்யாண ஆல்பம். சேரப்பணஞ்சேரி மாதா கோயிலில் எங்களுக்குக் கல்யாண மந்திரிப்பு நடந்தது, விருந்து படப்பையில் ஒரு மண்டபத்தில். ஆனால் ஆல்பத்தின் நடுப்பக்கத்தைத் திறந்தால், நானும் அவரும் நீலக் கடலுக்கு முன்னால், வெள்ளை மணலில் நிற்போம். நான் கல்யாணப் புடவையிலும் தலையில் கிரீடத்தோடும், அவர் கோட் சூட்டிலும் பளபள ஷூவிலும். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஒட்டிய வேலை. "இது எந்த எடம்?" என்று கேட்டேன். "அந்தமான்மா. நெஜமாவே போலாம், கொஞ்ச நாள் போவட்டும்" என்றார் புது மாப்பிள்ளை. நானும் நம்பினேன். அப்புறம் பெரியவன் பிறந்தான். அப்புறம் படப்பையில் மனை. அப்புறம் சின்னவள். வருஷா வருஷம் அவர் கம்பெனியில் ஷட்டவுன் விடுவார்கள், லைனை நிறுத்திவிட்டு மெஷின்களைப் பழுது பார்க்கிற அந்த ஒரு வாரத்தில்தான் எங்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும். வருஷா வருஷம் கேட்பேன். "பாக்கலாம்" என்பார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம்.

சரி, காசு கொடுத்துத்தான் பார்க்க முடியவில்லை, சும்மா பார்க்கலாமே என்று வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு வேலை இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், காருக்குள் ஓடுகிற வயர்க்கட்டுகளைச் செக் பண்ணி அனுப்புகிற கம்பெனியில். கம்பெனி பஸ் ஒரகடத்தில் ஆள் ஏற்றி, வழியெல்லாம் நின்று நின்று போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். போக ஒரு மணி, வர ஒரு மணி. மற்றவர்கள் தூங்குவார்கள், சீரியல் பார்ப்பார்கள். நான் அந்தமானில் இருப்பேன். எந்தத் தீவில் எந்தக் கரையில் பாறை குத்தும், எங்கே முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், சிறைச்சாலை எந்தக் கிழமை மூடியிருக்கும், எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

பஸ்ஸில் இது பரவிவிட்டது. தேனிலவுக்குப் போகிறவர்கள், ஆபீஸ் பிரிவில் வேலை பார்க்கிற அம்மாக்கள், எல்லாரும் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். விடுதியில் தங்கி வேலை செய்கிற தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கல்யாணம் முடிந்து போய்விட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, நீங்க சொன்ன மாரியே இருந்துச்சுக்கா. அந்த ரெண்டாவது வளைவு தாண்டி ஒரு எளநிக் கடைன்னு சொன்னீயள்லா, அது கூட இருந்துச்சு!" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்தமான் அக்கா என்று பெயர். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. போகத்தான் முடியவில்லை, தெரிந்தவள் என்ற பெயராவது இருக்கட்டுமே. அது என்னுடையது, நானே சம்பாதித்தது.

இப்போது என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள், எங்களோடு மாமியார். கொழுந்தன் படப்பையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். சுற்றிலும் மனை போட்டு வீடு மேல் வீடாக எழும்புகிற காலம், கடை நன்றாக ஓடுகிறது. ஓரகத்தி நல்லவள். அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவளுக்கும் கடலுக்கும் ஆகவே ஆகாது. வேளாங்கண்ணிக்கு வேனில் போனால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வாள். கோவளத்துக்குக் கூட்டிப்போனால் "மண்ணு ஒட்டும்" என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய்ச் சேர்ந்தது பாருங்கள் அந்த அதிர்ஷ்டம்!

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கிய வாரம். நான் அந்த வருஷம் ஒறுத்தலுக்குச் சர்க்கரையை விட்டிருந்தேன். அவள் கையில் ஸ்வீட் டப்பாவோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா, ஒரு நியூஸ். இவரு டார்கெட்ட முடிச்சிட்டாரு. பெயிண்ட் கம்பெனில டீலருங்கள ஜோடியா டூர் இட்டுனு போறாங்களாம். எங்கன்னு கேளுங்களேன்!"

"எங்க?"

"அந்தமானாம்!"

குக்கர் விசில் அடித்தது. நல்ல வேளை. இல்லாவிட்டால் என் காதிலிருந்து வந்த புகையை அவள் பார்த்திருப்பாள்.

"எனக்கு இன்னாக்கா தெரியும் அந்தமானப் பத்தி? அதுக்குப் பதிலா ஒரு மோதிரம் குடுத்திருந்தா கூட போட்டுகினு இருந்திருப்பேன்" என்றாள். அடிப்பாவி! நான் வருஷக்கணக்காக ஏங்குகிற இடத்தை ஒரு மோதிரத்துக்கு விற்கப் பார்க்கிறாள். வயிறு எரிந்தது. உண்மையிலேயே எரிந்தது, நெஞ்சுக்குக் கீழே, மிளகாய் தின்ற மாதிரி. "நல்லது, போய்ட்டு வா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சிரித்து முடிப்பதற்குள் என் தாடை வலித்துவிட்டது.

எனக்கிருந்த ஒரே நம்பிக்கை மாமியார். தவக்காலம் என்றால் எங்கள் வீட்டில் டிவிக்கே லீவு. கவிச்சி கிடையாது, கலியாணம் காட்சி கிடையாது, பூ வைத்தால்கூட ஒரு பார்வை பார்ப்பார். போன வருஷம் இதே தவக்காலத்தில் நான் என் தங்கை குடும்பத்தோடு மாமல்லபுரம் வரை போய் வருகிறேன் என்று கேட்டதற்கு, "ஆண்டவரு பாடுபட்ட காலத்துல உனுக்கு ஊரு சுத்தணுமா?" என்று கேட்டவர். இதற்கு என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று அரிசி களைகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"கம்பெனி கூப்புடுது, போவாம இருந்தா நல்லாவா கீது? கவிச்சி மட்டும் தொடாம போய்ட்டு வாங்க" என்றார் மாமியார்.

மாமல்லபுரத்துக்கு இல்லாத மன்னிப்பு அந்தமானுக்குக் கிடைத்தது. அரிசியை அவ்வளவு தேய்த்தேன், பாதி உடைந்தே போனது.

மறுநாளே அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, உங்களுக்குத்தான எல்லாம் தெரியும். இன்னா எடுத்துனு போவணும், எங்க போவணும், எல்லாம் சொல்லுங்க." ஒன்றும் தெரியாது போ என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. யாராவது அந்தமான் என்று வாயைத் திறந்தால் போதும், எனக்குள்ளிருந்து தானாகக் கொட்டும். ஜீன்ஸ் வேண்டாம், வேர்த்து ஊறிவிடும், காட்டன் எடு என்றேன். பவளப் பாறையில் வெறுங்காலை வைத்தால் கிழித்துவிடும், ரப்பர் செருப்பு எடு என்றேன். ஆதார் அசலைக் கைப்பையில் வை, படகுத் துறையில் கேட்பார்கள் என்றேன். மீன் சாப்பிட முடியாதே, எல்லாரும் நண்டும் இறாலுமாகத் தின்னும்போது நீ என்ன செய்வாய், சைவச் சாப்பாடு கிடைக்கிற ஓட்டல் எந்தெந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் நகையை நானே கழற்றி அவள் கழுத்தில் போடுகிற மாதிரி இருந்தது.

கடைசியில் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கரைக்கு வந்தோம். அங்கே எனக்கு வாய் நிற்காது. "மணல் கோலமாவு மாதிரி இருக்கும், நடந்தா கால்ல ஒட்டாது. காட்டு மரங்க கரை வரைக்கும் வந்து நிக்கும், அவ்ளோ பெரிய மரம், கழுத்து வலிக்கும் அண்ணாந்து பாத்தா. தண்ணி முதல்ல கண்ணாடி, அப்புறம் பச்சை, அப்புறம் நீலம். சத்தமே இருக்காது, அலை வந்து மெதுவா தொட்டுட்டுப் போகும். நாலு மணிக்கே போய் உக்காந்துடு. சூரியன் எறங்கும்போது எழுந்து போயிடாத, எறங்கின பிறகுதான் வானம் கலர் மாறும்."

அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்றத கேட்டாலே போய்ட்டு வந்த மாதிரி கீதுக்கா" என்றாள். அப்படியென்றால் போகாதேயேன் என்று நாக்கு நுனி வரை வந்தது.

போனார்கள். எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் லைனில் நிற்க வேண்டும். டீ பிரேக்கில் ஓடிப்போய் எடுத்தால் மிஸ்டு கால்களாகக் கிடக்கும். "அக்கா, படகுத் தொறையில நிக்கறோம், எங்க குந்தறது?" என்பாள். அவள் கையிலிருந்து கொழுந்தன் போனை வாங்கி, "அண்ணி, ஸ்பீக்கர்ல போடறேன், கூட வந்தவங்க எல்லாரும் கேக்கறாங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்பார். நான் லாக்கர் அறையில், நீலக் கோட்டும் தலை வலையுமாக நின்றுகொண்டு, காஞ்சிபுரத்துப் பெயிண்ட் கடைக்காரர்களுக்கும் அரக்கோணத்துப் பெயிண்ட் கடைக்காரர்களுக்கும் கடலைப் பற்றி வகுப்பு எடுத்தேன். "இன்னாமா, டூர் கம்பெனி நடத்தறியா?" என்று சூப்பர்வைசர் கதவருகில் நின்று கேட்டார். மணி அடித்தது. போனை வைத்துவிட்டு லைனுக்கு ஓடினேன். படகில் அவர்கள் ஏறினார்கள், வயர்க்கட்டில் நான் கை வைத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் போட்டோ வந்தது. ராதாநகர். அவள் நடுவில் நிற்கிறாள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வேப்பெண்ணெய் குடித்த மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு. நான் அவளைப் பார்க்கவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கி அவளுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்த்தேன். தோளுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். காதுக்கு மேல் ஒரு மரக்கிளை. மற்றதையெல்லாம் அவள் துப்பட்டா மறைத்திருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றிருக்கக் கூடாதா! அழுகை வந்துவிட்டது எனக்கு. பக்கத்து சீட்டுக்காரி "இன்னாக்கா?" என்றாள். ஜன்னல் தூசி என்றேன்.

திரும்பி வந்தவள் ரெண்டு நாள் படுத்த படுக்கை. படகில் வாந்தி, ஊரில் வந்து இறங்கியும் வாந்தி. மாமியார் உப்பும் மிளகாயும் கையில் எடுத்துக்கொண்டு, "யாரு கண்ணு பட்டுதோ" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அடுப்பில் போட்ட மிளகாய் கொஞ்சம்கூட நெடிக்கவில்லை. கண் பட்டிருந்தால்தான் நெடிக்காதாம். என்னத்தைச் சொல்ல!

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வெளியே கஞ்சி ஊற்றினார்கள். தவக்கால வெள்ளிகளில் எங்கள் ஊரில் அப்படித்தான், கஞ்சியும் துவையலும் வாங்கி மரத்தடியில் உட்கார்ந்து பெண்கள் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வழக்கமாக என்னைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். அன்று எல்லாரும் அவளைச் சுற்றி. "ஏம்மா, அந்தமான் எப்டி கீது?" "பிளேன்ல பயமா இல்லியா?" அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "மணலு கோலமாவு மாதிரி கீது. தண்ணி முதல்ல கண்ணாடி, அப்புறம் பச்ச, அப்புறம் நீலம்."

என் வார்த்தைகள். ஒன்று விடாமல் என் வார்த்தைகள், அவள் வாயில். எல்லாரும் "ஆ" என்று கேட்டார்கள்.

ஒரு அம்மா தன் மகளோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தவக்காலத்தில் எங்களில் கல்யாணம் வைக்கமாட்டோம், அதனால் ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் வரிசையாகக் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இந்த மகளுக்கும் ஈஸ்டருக்கப்புறம் கல்யாணம். "கலியாணம் முடிச்சி, மறுவீடு விருந்தெல்லாம் முடிச்சிட்டு மே கடசியில அந்தமான் போவறாங்களாம். போலாமா?" என்று கேட்டார்.

"சூப்பரா போலாம்" என்றாள் என் ஓரகத்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ, மே கடைசி வேணாம்மா! அங்க நமக்கு முன்னாடியே மழை புடிச்சிடும். காத்து அடிச்சா படகு உட மாட்டாங்க, ஒரு தீவுலயே மாட்டிக்கணும். கல்யாணம் ஆன கையோட போகச் சொல்லுங்க, விருந்த வந்து வச்சுக்கலாம்" என்றேன்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நீ எப்பம்மா போனே?"

"நான் போனதில்ல."

"அப்ப போய்ட்டு வந்தவ சொல்றா இல்ல, உடு" என்றார். அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ சொல்லும்மா. துணி இன்னா எடுத்துனு போவணும்?"

அவ்வளவுதான். இத்தனை வருஷம் பஸ்ஸில் உட்கார்ந்து நான் சேர்த்தது எல்லாம் ஒரு "உடு"வில் போய்விட்டது. நான் கஞ்சியைக் குடித்தேன். உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு எழுந்து நடந்தேன்.

தெருமுனையில் ஓரகத்தி ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். "அக்கா, கோவமா?"

"எனக்கு இன்னா கோவம்."

"நான் அவங்க கையில தனியா போய் சொல்லிட்டேன்கா, அக்கா சொன்னா கரீட்டா இருக்கும், மே மாசம் வேணாம்னு." அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, உங்க கையில ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இப்ப கோயில்ல கேட்டவங்களுக்கு எல்லாம் நான் சொன்னது நீங்க சொன்னதுதான். நான் பாத்தத சொல்லல. ராதாநகர்ல போயி நின்னேனா, சுத்திப் பாத்தேன். இவ்ளோதானான்னு இருந்துச்சிக்கா. நீங்க சொன்னதுல பாதி கூட இல்ல. மணலு, மரம், தண்ணி, அவ்ளோதான். நீங்க சொன்னப்போ நான் பாத்தது வேற எடம். நீங்க போவாதீங்கக்கா. ஏமாந்துடுவீங்க."

என் மேல் பிரியமாகத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரியும். கேட்டவுடன் எனக்கு மனசு ஆறியிருக்க வேண்டும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்க வேண்டும். எனக்கோ அன்றைக்கு டூர் நியூஸை முதல் முதலாகக் கேட்டபோது எரிந்ததைவிட இன்னும் அதிகமாக எரிந்தது. அந்த மணலில் நின்று "இவ்ளோதானா" என்று அலுத்துக்கொள்ள இவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது! என்னால் அதுகூட முடியாதே. எனக்கு அது எப்போதும் அழகாகவே இருந்து தொலைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தேன். அவருக்கு அந்த வாரம் காலை ஷிப்ட், லுங்கிக்கு மாறி உட்கார்ந்திருந்தார். தூக்கை முன்னால் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாச்சி?" என்றார்.

"நாம அந்தமான் போறோம்."

"பாக்கலாம். ஷட்டவுன் எப்போன்னு..."

"ஷட்டவுன் வேணாம். லீவு போடுங்க. மே கடைசி கிடைச்சா மே கடைசி."

"அப்போ மழைன்னு நீதான சொல்லுவ? படகே உட மாட்டாங்கன்னு?"

"பெய்யட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மழையில போயி இன்னாத்த பாக்கப் போற?"

"ஒண்ணும் பாக்க வேணாம். நானும் அங்க போய் நின்னு, இவ்ளோதானான்னு கேக்கணும். கேட்டுட்டு வந்துடறேன்."